சாசேஜ் பீன்ஸ் கேசரோல் சொதப்பிடுச்சா? என்ன கோளாறுன்னு பாத்து சரி பண்ணிக்கலாம்

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நம்ம ஊர்ல கேசரோல்னா சப்பாத்தி சூடு ஆறாம வைக்கிற டப்பா, இங்க இங்கிலாந்துல கேசரோல்னா மூடி போட்ட கனமான சட்டில எல்லாம் போட்டு ஓவன்ல மெதுவா வேகவிடற குழம்பு மாதிரி ஒரு ஐட்டம். இதுல பீன்ஸ்னா நம்ம ஊர் பச்சைக் காய் இல்ல, ராஜ்மா மாதிரி விதை. குளிர்காலத்துல, மாசக் கடைசில, நாலு பேர் வயித்தை ஒரு பாக்கெட் சாசேஜ்ல ரொப்பணும்னா இதைவிட்டா வேற வழி இல்ல. நான் லண்டன் வந்த புதுசுல ஆபீஸ்ல ஒருத்தங்க "எல்லாத்தையும் ஒண்ணா போட்டு ஓவன்ல தள்ளிடு, அவ்ளோதான்"னாங்க, நானும் நம்பி தள்ளினேன், ஒன்றரை மணி நேரம் கழிச்சு மூடியைத் திறந்தா வெளுத்துப்போன சாசேஜ், கல்லு கல்லா பீன்ஸ், மேல ஒரு இஞ்சுக்கு எண்ணெய், அன்னைக்கு ராத்திரி எல்லாரும் பிரட்டும் ஜாமும்தான். அதுக்கப்புறம் எத்தனையோ தடவ செஞ்சாச்சு, எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இதுல வர்ற முக்கால்வாசி கோளாறு எது எப்போ சட்டிக்குள்ள போகுதுங்கற வரிசைல வர்றதுதான், பொருள்ல இல்ல.

நான் எந்த அளவை வச்சு பேசறேன்னு தெரிஞ்சாதான் கீழ இருக்கறது புரியும். சாசேஜ் 8 (454 கிராம் பாக்கெட், அதாவது பழைய கணக்குல 1 பவுண்டு), 400 கிராம் டின் பீன்ஸ் 2, நறுக்கின தக்காளி டின் 1, பெரிய வெங்காயம் 2, கேரட் 2, பூண்டு 3 பல், ஸ்மோக்டு பாப்ரிகா (புகை வாசனை உள்ள மிளகாத்தூள்) 1 டீஸ்பூன், தக்காளி பேஸ்ட் 1 டேபிள்ஸ்பூன், ஸ்டாக் க்யூப், அதாவது சூப் கட்டி 1 (250 மில்லி சுடுதண்ணில கரைச்சது). சாசேஜை வறுத்து எடுத்து வச்சுட்டு, அதே சட்டில வெங்காயம் கேரட் வதக்கி, பூண்டு, பாப்ரிகா, தக்காளி பேஸ்ட் போட்டு, தக்காளி ஸ்டாக் ஊத்தி, சாசேஜை திரும்பப் போட்டு, 180 டிகிரில (ஃபேன் ஓவன்னா 160) மூடி போட்டு 25 நிமிஷம், அப்புறம் பீன்ஸ் போட்டு மூடி இல்லாம 20 நிமிஷம். இதான் மொத்தமும். இனி கோளாறுக்கு வருவோம்.

சாசேஜ் வெளுத்து, ரப்பர் மாதிரி, பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு

வறுக்காம நேரா குழம்புக்குள்ள போட்டிருப்பீங்க. ஈரத்துக்குள்ள கிடக்கறது 100 டிகிரியைத் தாண்டாது, சிவந்து வர்றதுக்கு அதைவிட நிறைய சூடு வேணும், அதனால எவ்வளவு நேரம் ஓவன்ல வச்சாலும் அது செவக்காது. இதுல கலர் மட்டும் பிரச்சனை இல்லைங்க, வறுக்கும்போது சட்டி அடில ஒட்டுதே அந்த பழுப்பு, அதுலதான் மொத்த குழம்போட ருசியும் இருக்கு, ஸ்டாக் ஊத்தினதும் மரக்கரண்டியால அதைச் சுரண்டி விட்டுடணும். மிதமான தீல 8, 10 நிமிஷம் உருட்டி உருட்டி வறுங்க, உள்ள வேகணும்னு அவசியமே இல்ல, வெளிய செவந்தா போதும்.

ஏற்கனவே ஓவன்ல இருக்கு, வெளுத்துதான் இருக்குன்னா? சாசேஜை வெளிய எடுத்து ஒரு ட்ரேல வச்சு கிரில்லுக்கு அடில 5 நிமிஷம் காட்டிட்டு திரும்ப மேல வச்சுடுங்க. குழம்புல ருசி கொஞ்சம் கம்மியாதான் இருக்கும், ஆனா பிள்ளைங்க மூஞ்சி சுளிக்காது.

சாசேஜ் வெடிச்சு, தோல் கிழிஞ்சு, உள்ள இருக்கறது வெளிய வந்துடுச்சு

தீ அதிகம். அதுவும் விலை கம்மியான சாசேஜ்ல கறியைவிட ரஸ்க் தூளும் தண்ணியும் நிறைய இருக்கும், இங்க பாக்கெட்ல போர்க் சாசேஜ்னு பேர் போடணும்னா குறைஞ்சது 42 சதவீதம் போர்க் இருக்கணும்னு சட்டம், அப்போ மிச்சம் என்னன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அந்த தண்ணி ஆவியாகி தோலைக் கிழிச்சுட்டு வரும். ஃபோர்க்கால குத்தி விடணுமான்னு கேப்பாங்க, வேண்டாம், குத்தினா சாறு எல்லாம் ஓடிடும், தீயைக் குறைச்சா போதும். வெடிச்சே போச்சுன்னா கவலைப்படாம மூணு மூணு துண்டா வெட்டிடுங்க, யாருக்கும் தெரியாது. நான் இப்பல்லாம் வேணும்னே வெட்டித்தான் போடறேன், அது ஏன்னு கடைசில சொல்றேன்.

சைவ சாசேஜ்னா கதை வேற. ரொம்ப நேரம் குழம்புல ஊறினா கரைஞ்சு உப்புமா ஆகிடும், அதனால தனியா வறுத்து வச்சுட்டு கடைசி 10 நிமிஷம் மட்டும் உள்ள விடுங்க.

வெட்டிப் பாத்தா உள்ள பிங்க்கா இருக்கு

கலரை மட்டும் நம்பாதீங்க, ரெண்டு பக்கமும் ஏமாத்தும். பாப்ரிகா போட்ட சாசேஜ், உப்பும் நைட்ரைட்டும் போட்டு பதப்படுத்தின சாசேஜ் எல்லாம் நல்லா வெந்தாலும் பிங்க்காத்தான் இருக்கும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வச்சுக்கோங்க, நடு சாசேஜுக்கு நடுவுல 70 டிகிரி 2 நிமிஷம், இல்லேன்னா 75 டிகிரி 30 நொடி, இதான் இங்க உணவுப் பாதுகாப்புக்காரங்க சொல்ற கணக்கு. தெர்மாமீட்டர் இல்லையா, இன்னொரு 15 நிமிஷம் வச்சுடுங்க, கேசரோல்ல கூட கொஞ்ச நேரம் வேகறதால ஒண்ணும் கெட்டுப்போகாது.

பீன்ஸ் வேகவே மாட்டேங்குது

டின் பீன்ஸ்னா இந்த பிரச்சனையே இல்ல, இது காஞ்ச பீன்ஸ் வாங்கினவங்களுக்கு. காசு மிச்சம் பண்ண காஞ்சதுதான் சரி, 500 கிராம் பாக்கெட்டை ஊறவச்சு வேகவச்சா 4, 5 டின்ல இருக்கற அளவுக்கு வரும் (டின்ல தண்ணியை வடிச்சா 240 கிராம்தான் பீன்ஸ்). ஆனா அதை தக்காளிக்குள்ள பச்சையா போட்டீங்கன்னா ராத்திரி முழுக்க வச்சாலும் வேகாது.

இது நமக்குத் தெரியாத விஷயமா என்ன? சாம்பார் வைக்கும்போது பருப்பு வேகறதுக்கு முன்னாடி புளி விட்டா என்ன ஆகும்? எங்க பாட்டி கத்துவாங்க. அதேதான் இங்கயும், தக்காளில இருக்கற புளிப்பு பீன்ஸோட செல் சுவரை இறுக்கிப் பிடிச்சுக்கும், இளக விடாது. வினிகர், ஒயின், வூஸ்டர் சாஸ் எல்லாமே புளிப்புதான். அதுனால பீன்ஸ் முழுசா, நசுக்கினா மசியற அளவுக்கு தனியா வெந்த அப்புறம்தான் தக்காளிப் பக்கமே போகணும்.

அப்படி தனியா வேகவச்சும் வேகலைன்னா ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு தண்ணி, லண்டன்லயும் தென்கிழக்கு பக்கமும் குழாய் தண்ணி சரியான கடினத்தண்ணி, கெட்டில்ல வெள்ளையா படியுதே அந்த கால்சியம் பீன்ஸையும் கெட்டியாக்கும். வேகவைக்கிற தண்ணில கால் டீஸ்பூன் சோடா உப்பு போட்டா இளகிடும், அதுக்கு மேல போட்டா சோப்பு வாசனை வரும், பாத்து. ரெண்டாவது பீன்ஸோட வயசு, கப்போர்டுல ரெண்டு மூணு வருஷம் கிடந்ததுன்னா என்ன பண்ணாலும் நடுவுல நறுக்குன்னுதான் இருக்கும், அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற பாருங்க.

உப்பு போட்டா வேகாதுன்னு ஒரு பேச்சு இருக்கு, அது தப்பு. ஊறவைக்கிற தண்ணில உப்பு போட்டா தோல் சீக்கிரம் இளகுது, உள்ளயும் ருசி ஏறுது. லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் போட்டு ராத்திரி ஊறவச்சு, காலைல அந்த தண்ணியைக் கொட்டிட்டு நல்லா அலசி வேற தண்ணில வேகவைங்க. நம்மகிட்ட ப்ரஷர் குக்கர் இருக்கே, வெள்ளைக்காரங்க ஒன்றரை மணி நேரம் அடுப்பு பக்கத்துல நிக்கறாங்க, நமக்கு என் குக்கர்ல 4 விசில், வேலை முடிஞ்சுது. உங்க குக்கர்ல முதல் தடவ கொஞ்சமா போட்டுப் பாத்துக்கோங்க.

குழம்புக்குள்ள ஏற்கனவே வேகாத காஞ்ச பீன்ஸ் போயிடுச்சுன்னா சாசேஜை எடுத்து வச்சுட்டு மிச்சத்தை அப்படியே குக்கர்ல மாத்தி, கொஞ்சம் தண்ணி விட்டு, ஒரு சிட்டிகை சோடா உப்போட 8 விசில் விட்டுப் பாருங்க. பாதி காப்பாத்தலாம். ஆனா சிவப்பு பீன்ஸ், அதாவது ராஜ்மான்னா அடுத்ததை முதல்ல படிங்க.

சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல எல்லாருக்கும் வாந்தி

இது சமையல் கோளாறு இல்ல, விஷம், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். சிவப்பு ராஜ்மால ஃபைட்டோஹீமாக்ளூட்டினின்னு ஒரு சமாச்சாரம் இருக்கு, பச்சையா நாலு அஞ்சு பீன்ஸ் சாப்பிட்டாலே போதும், 1லேருந்து 3 மணி நேரத்துக்குள்ள குமட்டல், வாந்தி, அப்புறம் பேதி. நல்லா கொதிக்க வச்சா அது செத்துடும். அரைகுறையா சூடு பண்ணா சாகாது, 80 டிகிரி மாதிரி சூட்டுல கிடந்தா பச்சையா இருந்ததைவிட இன்னும் மோசமாகும்ங்கறாங்க. இப்போ யோசிங்க, ஸ்லோ குக்கர்ல (கம்மி சூட்டுல மணிக்கணக்கா வேகவைக்கிற கரண்ட் சட்டி) காலைல ஊறவச்ச ராஜ்மாவை சாசேஜோட போட்டுட்டு லோ-ல வச்சுட்டு வேலைக்குப் போனா என்ன ஆகும்? சரியா அதே சூட்டுலதான் நாள் முழுக்க இருக்கும். பீன்ஸ் மெத்துன்னு கூட ஆகியிருக்கும், பாத்தா வெந்த மாதிரியே தெரியும்.

அதனால ராஜ்மான்னா குறைஞ்சது 5 மணி நேரம் ஊறவச்சு, தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணில தளதளன்னு கொதிக்கணும். 10 நிமிஷம் போதும்னு நிறைய இடத்துல எழுதியிருக்கும், அமெரிக்காவுல உணவு, மருந்தைக் கண்காணிக்கிற எஃப்டிஏ 30 நிமிஷம்ங்குது, நான் 30 தான். அதுக்கப்புறம் ஸ்லோ குக்கர்ல போட்டுக்கலாம். வெள்ளை ஹாரிகோ, கனெலினி பீன்ஸும் அதே இனம்தான், அளவு கம்மி, இருந்தாலும் அதையும் இதே மாதிரி கொதிக்க வச்சுடுங்க. டின் பீன்ஸ்ல இந்த பயமே வேண்டாம், டின்லயே வெந்துதான் வருது. ஸ்லோ குக்கர் வச்சிருக்கவங்க டின்னே வாங்கிடுங்க, இந்த ஒரு இடத்துல சிக்கனம் பாக்காதீங்க.

பீன்ஸ் குழைஞ்சு கஞ்சி ஆகிடுச்சு

டின் பீன்ஸை ஆரம்பத்துலயே போட்டிருப்பீங்க. அது வெந்தது, சூடு ஏறினா போதும், கடைசி 20 நிமிஷம்தான் அதுக்கு. கரண்டியால போட்டு கிண்டவும் கூடாது, சட்டியைப் பிடிச்சு ஆட்டி விடுங்க. பட்டர் பீன்ஸ் சீக்கிரம் உடையும், ஹாரிகோ கொஞ்சம் தாங்கும். குழைஞ்சது குழைஞ்சதுதான், மேல ரொட்டித்தூளும் கொஞ்சம் சீஸும் தூவி ஓவன்ல மொறுமொறுன்னு ஆக்கிட்டா அப்படியே செஞ்ச மாதிரி இருக்கும். தென்மேற்கு பிரான்ஸ்ல கஸ்ஸூலேன்னு ஒண்ணு இருக்கு, வெள்ளை பீன்ஸ், சாசேஜ், வாத்துக்கறி போட்டு மண்சட்டில மணிக்கணக்கா வேகவைக்கறது, அதோட அழகே மேல கட்டுற அந்த ஆடைதான், அதனால நீங்க கூச்சப்படவே வேணாம்.

தண்ணியா ஓடுது

மூடியை எடுங்க. இதான் முதல் மருந்து. ஓவன்ல மூடி போட்டே வச்சா ஒரு சொட்டு ஆவி வெளிய போகாது, ஊத்தின தண்ணி அப்படியே இருக்கும், கூட வெங்காயம், சாசேஜ் விடற தண்ணி வேற. மூடி எடுத்து 20 நிமிஷம் சுண்ட விடுங்க. அவசரம்னா ஒரு கரண்டி பீன்ஸை எடுத்து தட்டுல நல்லா மசிச்சு திரும்ப கலந்துடுங்க, பீன்ஸ் மாவுதான் இதுக்கு சரியான கெட்டி. நேரா மைதாவைத் தூவிடாதீங்க, கட்டி கட்டியா மிதக்கும், அதை கரைக்கப் போய் பீன்ஸ் உடையும். கார்ன்ஃப்ளார் பச்சைத்தண்ணில கரைச்சு விட்டா கெட்டியாகும், ஆனா ஒரு பளபளப்பு வரும் பாருங்க, ஹோட்டல் சூப் மாதிரி, எனக்குப் பிடிக்காது.

ஸ்லோ குக்கர்ல செஞ்சா ஸ்டாக்கை ஆரம்பத்துலயே பாதியா குறைச்சுடுங்க.

மேல எண்ணெய் மிதக்குது

நம்ம குழம்புல எண்ணெய் பிரிஞ்சு வந்தா சந்தோஷப்படுவோம், மசாலா வெந்துடுச்சுன்னு அர்த்தம். இங்க அப்படி இல்ல, இது சாசேஜ்லேருந்து இறங்கின கொழுப்பு, நாக்குல ஒட்டும். வறுத்து முடிச்சதும் சட்டில ஒரு டேபிள்ஸ்பூன் மட்டும் விட்டுட்டு மிச்சத்தை ஒரு கிண்ணத்துல வடிச்சுடணும், வெங்காயம் வதக்க அதுவே போதும், தனி எண்ணெயே வேண்டாம். வடிச்சதை சிங்க்ல மட்டும் ஊத்திடாதீங்க, குழாய்க்குள்ள உறைஞ்சு அடைச்சுக்கும், அந்த ப்ளம்பர் காசுல ஒரு மாசம் சாசேஜ் வாங்கலாம், அனுபவம். ஏற்கனவே மிதக்குதுன்னா 10 நிமிஷம் ஆட்டாம வச்சு கரண்டியால மேலாக்க எடுங்க, நாளைக்குத்தான் சாப்பாடுன்னா ஃப்ரிட்ஜ்ல வைங்க, காலைல வெள்ளையா தட்டு மாதிரி உறைஞ்சிருக்கும், அப்படியே தூக்கிடலாம்.

புளிக்குது, கரிக்குது, கசக்குது, சப்புனு இருக்கு

புளிப்புன்னா விலை கம்மி டின் தக்காளி, அதோட வெங்காயம் சரியா வதங்கலை. ஒரு சிட்டிகை சோடா உப்பு போடுங்க, நுரைச்சு அடங்கும், அப்புறம் ருசி பாத்துட்டு வேணும்னா அரை டீஸ்பூன் சர்க்கரை. முதல்லயே சர்க்கரையைக் கொட்டினா புளிப்பும் போகாது, மேல இனிப்பும் சேந்து சட்னி மாதிரி ஆகிடும்.

உப்பு அதிகம்னா ஆச்சரியமே இல்ல, சாசேஜ்ல உப்பு, ஸ்டாக் க்யூப்ல உப்பு, சில டின் பீன்ஸ்ல உப்பு, அதுக்கு மேல நம்ம கை பழக்கத்துல ஒரு ஸ்பூன். கடைசி வரைக்கும் உப்பு டப்பாவையே தொடாதீங்க. உருளைக்கிழங்கு போட்டா உப்பை இழுத்துக்கும்னு சொல்றது பாதிதான் நிஜம், அது உப்புத்தண்ணியைத்தான் குடிக்கும், உப்பை மட்டும் தனியா பிரிச்சு எடுக்காது. இன்னொரு டின் உப்பில்லாத பீன்ஸ் அலசிப் போடுங்க, கூட ரெண்டு பேர் சாப்பிடலாம்.

கசப்புன்னா பாப்ரிகா கருகியிருக்கும், இல்ல பூண்டு. மிளகாத்தூளை சூடான எண்ணெய்ல போட்டு ரெண்டு செகண்ட் ஃபோன் பாத்தா என்ன ஆகும், அதே கதைதான். அடுப்பை அணைச்சுட்டு பாப்ரிகா போட்டு, உடனே தக்காளியை ஊத்திடுங்க. கருகினதுக்கு மருந்து இல்ல, வெங்காயத்துலேருந்து திரும்ப ஆரம்பிக்கறதுதான் வழி, சாசேஜ் தனியா இருக்கறதால அது தப்பிச்சுடும்.

சப்புனு இருந்தா வூஸ்டர் சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன். லேபிள்ல என்ன போட்டிருக்குன்னு ஒரு நாள் படிச்சுப் பாத்தேன், லீ அண்ட் பெரின்ஸ் 1837லேருந்து விக்கற அந்த சாஸ்ல புளியும் நெத்திலி மாதிரி ஆன்ச்சோவி மீனும் இருக்கு, அதான் நம்ம நாக்குக்கு உடனே ஒத்துக்குது போல. சைவக்காரங்க இதைத் தவிர்த்துடுங்க, மீன் இருக்கு. காரம் பத்தலைன்னா மிளகாத்தூள் போடலாமான்னு கேட்டா, போடுங்க, ஆனா கரம் மசாலா வேண்டாம், நான் போட்டேன், ரெண்டுங்கெட்டானா ஆகிடுச்சு.

அடி பிடிச்சுடுச்சு

அடுப்பு மேலயே செய்யறவங்களுக்கு வர்றது, பீன்ஸ் மாவு அடில இறங்கி ஒட்டும். ஓவன்ல நாலு பக்கமும் சூடு வர்றதால அவ்வளவா பிடிக்காது. பிடிச்சுட்டா சுரண்டாதீங்க, மேல இருக்கறதை மட்டும் வேற சட்டிக்கு மாத்திடுங்க.

எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா பத்தலை

முழு சாசேஜா போட்டா பெரியவங்களுக்கு ரெண்டு, பிள்ளைங்களுக்கு ரெண்டு, அப்போ எட்டும் காலி, அதுக்குள்ள ஒருத்தன் மூணாவதுக்கு சண்டை. துண்டு போட்டுட்டா எண்ணிக்கையே போயிடுது, 6 சாசேஜ் போட்டு 2 ஃப்ரீசர்ல வச்சாலும் யாரும் கண்டுபிடிக்கல. அந்த இடத்துக்கு ஒரு டின் பீன்ஸ் கூட. சாயங்காலம் சூப்பர்மார்க்கெட்ல மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி குறைச்சு விக்கிற சாசேஜை வாங்கி அன்னைக்கே ஃப்ரீசர்ல போட்டுடலாம், யூஸ் பை தேதி தாண்டினா மட்டும் தொடக்கூடாது. டொமேட்டோ சாஸோட வர்ற பேக்ட் பீன்ஸ் டின்னும் போடலாம், அதுவும் ஹாரிகோதான், ஆனா அதுல இனிப்பு இருக்கறதால பேஸ்ட்டும் சர்க்கரையும் விட்டுடுங்க.

சாதத்துக்கும் போட்டுக்கலாம், எங்க வீட்டுல பாதி பேர் அப்படித்தான், மசிச்ச உருளைக்கிழங்கோட சாப்பிடறது பிள்ளைங்க மட்டும்தான்.

சாப்பிட்டதும் வயிறு உப்புசம்

பீன்ஸ்ல இருக்கற ஒரு மாதிரி சர்க்கரை நமக்கு ஜீரணம் ஆகாது, குடல்ல இருக்கற பாக்டீரியா அதைச் சாப்பிட்டு வாயு விடுது. ஊறவச்ச தண்ணியைக் கொட்டறதும், டின் பீன்ஸை அலசறதும் கொஞ்சம் குறைக்கும். மிச்சத்துக்கு ஜன்னலைத் திறந்துக்கோங்க.

மறுநாள் எடுத்தா களி மாதிரி கெட்டியா இருக்கு

பீன்ஸும் ரஸ்க்கும் ராத்திரி முழுக்க தண்ணியை குடிச்சிருக்கும். அரை டம்ளர் சுடுதண்ணி விட்டு, நடுவுலயும் ஆவி பறக்கற வரைக்கும் சூடு பண்ணுங்க, ருசி முதல் நாளைவிட நல்லாவே இருக்கும். சமைச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும், ரெண்டு நாளைக்குள்ள முடிச்சுடணும், ஒரு தடவைக்கு மேல சூடு பண்ணக்கூடாது, அதனால மொத்த சட்டியையும் அடுப்புல ஏத்தாம வேணுங்கறதை மட்டும் எடுத்து சூடு பண்ணுங்க. ஃப்ரீசர்ல வைக்கறதா இருந்தா முதல் நாளே ஒவ்வொருத்தர் பங்கா டப்பால போட்டு வச்சுடுங்க, பெரிய கட்டியா உறைஞ்சுதுன்னா அதை உருக வைக்கவே ஒரு நாள் ஆகும்.